நாற்பத்தெட்டு விநாடி

"அடேயப்பா! ராக்கெட் மாதிரி பறக்குதே!" வரவேற்பறை அக்கா மவுஸை இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் ஆமை மாதிரி நகர்ந்துச்சு. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

பட்டாணிக்கு வாயெல்லாம் பல். ஆளும் சின்னது, குரலும் சின்னது என்பதால் அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் அவளுக்கு அந்தப் பெயர். கால்நடை மருத்துவமனையில் மொத்தம் ஏழு கம்ப்யூட்டர்கள். இது ஆறாவது கையெழுத்து.

நாலு மணிக்குள் ஏழும் வந்துவிட்டால் அவளுடைய சோதனைக்காலம் முடிந்து வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

எந்தக் கம்ப்யூட்டர் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று வழக்கமாகக் கம்பெனியில் இருக்கும் பெரிய சர்வர்தான் உத்தரவு போடும். நேற்று தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் சர்வரோடு இணைக்கும் கேபிளை வெட்டித் தொலைத்துவிட்டார்கள்.

"சர்வர் இல்லாம எப்படிம்மா செய்வே?" என்று காலையில் அக்கா கேட்டார்.

"மாமியார் ஊர்ல இல்லன்னா வீட்ல அடுப்பு எரியாதாக்கா?" பட்டாணி பென் டிரைவை ஆட்டிக் காட்டினாள். "அவங்க சொல்றது மொத்தத்தையும் எழுதி வாங்கிட்டு வந்துட்டேன். ஒவ்வொரு மெஷினும் தானே படிச்சுத் தன்னைத் தானே சரிபண்ணிக்கும்."

ஓட்ட வேண்டியது ஒரே ஒரு கட்டளை வரி. எதையும் மாற்றாமல், என்னென்ன மாறும் என்று மட்டும் நேற்று வீட்டில் தன் லேப்டாப்பில் ஒத்திகை பார்த்த அதே வரியை, ஓர் எழுத்தும் பிசகக் கூடாதென்று அப்படியே எடுத்து வந்திருந்தாள். அதை ஒட்டி என்டர் தட்டினால் மஞ்சள் வரிகள் சரசரவென்று ஓடும். ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும்.

பலன் கைமேல் தெரிந்தது. மருந்தக அண்ணனுக்கு எழுத்தெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. லேப் அக்காவின் மெஷின் உறுமுவதை நிறுத்திவிட்டது. மூன்று வருடக் கண் எரிச்சல் போயே போச்சு என்று எக்ஸ்ரே அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஏழாவது மெஷின் பெரிய டாக்டருடையது. மேசைமேல் காலில் கட்டோடு படுத்திருந்த பூனை பட்டாணியை முறைத்தது. டாக்டர் அதைவிட அதிகமாக முறைத்தார்.

"முடிஞ்சுது டாக்டர். இப்ப நல்லா இருக்கா?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எக்ஸ்ரே படம் ஒன்றைத் திறந்தார். அது முழுசாக வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் போட்டார்.

"காலையில நாப்பத்தெட்டு செகண்டு. இப்பவும் நாப்பத்தெட்டு. எதும்மா நல்லா இருக்கு?"

அதற்குள் கதவருகே கூட்டம் கூடிவிட்டது.

"எங்களுக்கெல்லாம் குதிரை மாதிரி ஓடுது டாக்டர்! பாவம், சின்னப் பொண்ணு. கையெழுத்தைப் போட்டு விடுங்க" என்றார் மருந்தக அண்ணன்.

"நீங்க வேற. டீயிலகூட தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தானே குடிப்பாரு" என்று லேப் அக்கா முணுமுணுத்தார்.

டாக்டர் காதில் அது விழாமல் இல்லை. "என்கிட்ட வர்றது எல்லாம் வாயில்லா ஜீவன். 'இப்பத் தேவலாம் டாக்டர்'னு எந்த மாடும் என்கிட்ட சொன்னதில்ல. அளந்து பார்த்தாத்தான் நான் நம்புவேன்."

மணி மூன்றேகால். பட்டாணி நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்த தன் வரியை முதலிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

வரியின் வாலுக்கு வந்ததும் அவள் காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், ஒத்திகைக்காகச் சேர்த்திருந்த கடைசிச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு மறுபடி என்டர் தட்டினாள்.

இந்த முறை வரிகள் பச்சையாக வந்தன. அவசரமே படாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. பூனை முறைத்துக் களைத்துத் தூங்கிவிட்டது.

டாக்டர் அதே படத்தைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் திறந்தார்.

"ஆறு செகண்டு. இப்பத்தான் மருந்து உள்ள இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் தேடாமலே கையெழுத்துப் போட்டார். பேனா முன்பே கையில்தான் இருந்தது.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். படிவத்தில் ஏழு கையெழுத்தையும் விரல் வைத்து எண்ணினார்.

"பலே பட்டாணி! அந்த ஒரு மெஷின்தான் தகராறு பண்ணிச்சாமே? போகட்டும். நாளையிலேருந்து நீ நிரந்தரம்." கீழே தன் கையெழுத்தைப் போடப் பேனாவைத் திறந்தார். "சரி, பையை எடு, கிளம்பலாம்."

பட்டாணி பையை எடுக்கவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று அவர் கையிலிருந்த படிவத்தை மெல்ல வாங்கி ஓரமாக வைத்தாள். பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரே வரவேற்பறை மேசைக்கு நடந்தாள்.

அக்கா பதறிப்போய்க் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார். "ஏய், ஏய்! ராக்கெட் மாதிரி பறக்குற மெஷினைக் கெடுத்துடாதடி! மறுபடி எதுக்கு இதுல கை வைக்கிற?"

மேனேஜரும் புருவத்தைத் தூக்கினார். அறை வாசலில் பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைத் துடைத்தபடி, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

பட்டாணி எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

"இன்னும் நான் கையே வைக்கலைக்கா!"