சிலி நேரம்

காலை ஏழு மணிக்கு எவரிஸ்டோ தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். ரொட்டியைப் பிளந்து வாட்டினான். கைபேசியில் மனைவி ராயெனின் செய்தி வந்தது: "எழுந்தாச்சா, தூங்குமூஞ்சி?"

அலுவலகத்தில், போன வாரம் சேர்ந்த மேலாளர் நிகானோர் பிடித்துக்கொண்டார்.

"எல்லா சர்வரும் உலகப் பொது நேரத்துல ஓடுது. இது மட்டும் ஏன்ப்பா நாலு மணி நேரம் பின்னாடி இருக்கற சிலி நேரத்துல? இன்னிக்கே மாத்து."

"மாத்தினா என் பொண்டாட்டி விடியக்காலம் மூணு மணிக்கே எழுப்பிடுவா, தலைவரே."

"இவ்வளவு பயமா? போனைக் குடு, நான் பேசறேன்!"

எவரிஸ்டோ சிரித்தான்.

ராயென் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் அவள். அவள் அதில் எழுதிவைத்த நிரல்தான், அதன் கடிகாரப்படி தினமும் ஏழு மணிக்குச் செய்தி அனுப்புகிறது. அதில் ஓர் எழுத்தைத் தொடவும் அவனுக்கு மனமில்லை.

மருத்துவமனையில் அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் அவன் இன்னும் செய்யவில்லை:

"அந்த ஒரு சர்வரைப் பொது நேரத்துக்கு மாத்த மறந்துட்டேன். மானம் போகுது, மாத்திடுடா."