எழுதாத எழுத்து

மூன்று நாளாகப் பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காததில் ஃபிஷலின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான்கு மாடி ஏறி யூத குரு ரப்பி ட்ஸாதோக்கின் கதவைத் தட்டினான்.

ரப்பியின் மனைவி மிண்டெல் தண்ணீர் நீட்டினாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

"வந்து பாருங்க, உங்க கம்ப்யூட்டர் டாக்டர் பொணம் மாதிரி வந்து நிக்கிறான்."

"உள்ள வாடா. யாரு உன்னைப் பட்டினி கிடக்கச் சொன்னது?"

"நானேதான் ரப்பி. கடைக்கு வந்த ஒரு மெஷின்ல பழைய டிஸ்க்கை அழிக்கிறதுக்குப் பதிலா நல்ல டிஸ்க்கை அழிச்சுட்டேன். அதுல கடவுளோட பேரு ஆயிரக்கணக்குல இருந்துச்சு."

ரப்பி வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பேர் அச்சான கிழிசல் தாளைக்கூட பினேய் பிராக் நகரத்தில் யாரும் குப்பையில் போடுவதில்லை. மூட்டை கட்டிப் புதைப்பார்கள். இப்படி நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"டிஸ்க்கைத் திறந்து பாத்தா எழுத்து தெரியுமா?"

"தெரியாது."

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா?"

"அப்பவும் தெரியாது ரப்பி."

"அப்ப அது எழுத்தே இல்ல. எழுதாததை எப்படிடா அழிப்ப? தாள்ல மையால எழுதினதை அழிச்சாத்தான் பாவம். பதினோரு வருஷமா நான் எழுதிட்டிருக்கிற புத்தகத்துல இதுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு."

மேசை முழுக்கப் புத்தகங்கள். நடுவில் மட்டும் ஒரு சதுரம் காலியாகக் கிடந்தது. மிண்டெல் அங்கே தேநீரையும் கேக்கையும் கொண்டுவந்து வைத்தாள். ஃபிஷல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அந்த டிஸ்க்குல இருந்ததுக்குத் தாள்ல பிரதி கிடையாது ரப்பி. ஒரு பக்கம்கூட."

"ரொம்ப நல்லது, புதைக்கிற வேலையும் மிச்சம். சொல்லு, ஒண்ணும் அழியலன்னு."

"ரப்பி..."

"கழுதை மாதிரி அடம் பிடிக்காத. சொல்லுடா."

"ஒண்ணும்... அழியல."

"அவ்வளவுதான். கடவுளுக்கும் உனக்கும் வழக்கே இல்ல. கேக்கைத் தின்னு."

ஃபிஷல் ஒரு துண்டை எடுத்தான். தின்னும்முன் சொல்ல வேண்டிய பிரார்த்தனையைச் சொல்லாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

"மூணு நாளா மீட்டெடுக்கப் பாத்தேன் ரப்பி. ஒரு வரிகூட வரல."

"அதான் பாவம் இல்லேன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்னடா பாக்கி?"

ஃபிஷல் கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"அது உங்க கம்ப்யூட்டர் ரப்பி. உங்களுக்குப் பதினோரு வருஷம் பாக்கி வச்சிருக்கேன்."