வெளியே போங்க, கிளாரிசா

"கிளாரிசா, பாயைச் சுருட்டுங்க. வெளிய போங்க."

அனல் அடிக்கும் ஹாட் யோகா அறையில், இத்தனை பேர் முன்னால் பயிற்சியாளர் ஸ்ரீவித்யா அப்படிச் சொன்னதும் கிளாரிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கிளாரிசா பவர்லிஃப்டிங் போட்டிகளுக்குப் போகிறவள். ஞாயிறன்று மாநிலப் போட்டி. போன வருஷம் பாரத்தோடு முழுசாக உட்கார முடியாமல் ஸ்குவாட்டில் தோற்றாள். இந்த வகுப்புக்கு வந்த பிறகுதான் இடுப்பு இளகியது, பாரத்துக்கு அடியில் மூச்சு நிதானப்பட்டது. அதைச் சொல்லிச் சொல்லியே ஜிம்மிலிருந்து ஆட்களைச் சேர்த்துவிட்டிருந்தாள்.

அதற்குத்தான் இந்த மரியாதை.

'இந்த விமான் நகர்ல நீ இல்லன்னா ஔந்துல இன்னொருத்தி' என்று மறுநாள் காலை ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஹாட் யோகா வகுப்புக்கு ஸ்கூட்டரை விரட்டினாள்.

அங்கே வரவேற்பில் இருந்த பெண் தயங்கித் தயங்கி ஹிந்தியில் சொன்னாள். ஸ்ரீவித்யா மேடம் போன் செய்தார்களாம். கிளாரிசாவை உள்ளே விடக் கூடாதாம்.

வண்டியை நேரே விமான் நகருக்குத் திருப்பினாள். இறங்கும்போது தலை சுற்றியது. கோபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து ஸ்ரீவித்யா தனியாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜென்மம் நீங்க? இங்க விரட்டினது பத்தாதுன்னு அங்கயும் கதவைச் சாத்துறீங்க. நான் ஜெயிக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

ஸ்ரீவித்யா நிமிர்ந்தாள். "கடைசியா எப்பத் தண்ணி குடிச்சீங்க?"

போட்டியின் எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காகக் கிளாரிசா தண்ணீரை நிறுத்தியிருந்தது வீட்டில்கூடத் தெரியாது.

"நேத்து எல்லாருக்கும் வேர்த்து ஊத்துச்சு. உங்க உடம்புல ஒரு பொட்டு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சூட்டுல நின்னிருந்தா உயிருக்கே ஆபத்துங்க."

"அதைத் தனியாக் கூப்பிட்டுப் பொறுமையாச் சொல்லியிருக்கலாமே. ஊர் முன்னால அசிங்கப்படுத்தணுமா?" கிளாரிசாவின் குரல் இன்னும் தணியவில்லை.

ஸ்ரீவித்யா தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"என் தங்கச்சியும் பளு தூக்கினவதாங்க. இப்படித்தான் தண்ணியை நிறுத்தினா. போட்டிக்கு முந்தின நாள் செத்துப்போயிட்டா."

பாட்டிலின் மூடியைத் தானே திறந்துவிட்டபடி சொன்னாள்:

"அவகிட்ட நான் தனியாத்தான், பொறுமையாத்தான் சொன்னேன்."