ஒரே ஒரு மாத்திரை

"தூக்கம் வரலைன்னு புலம்பினார். ஒரே ஒரு மாத்திரைதான் டாக்டர், என் கையாலதான் எடுத்துக் கொடுத்தேன்!" ஆஸ்பத்திரிக் கட்டில்களெல்லாம் மிதக்கும் அளவுக்கு அழுதாள் மனைவி.

"ஒரு மாத்திரைக்கு யாரும்மா ரெண்டு நாள் தூங்குவாங்க? மறைக்காம சொல்லுங்க, மொத்தம் எத்தனை?"

பக்கத்தில் நின்ற பேராசிரியர் மெல்ல நழுவப் பார்த்தார். கட்டிலில் கிடந்த மாணவனின் ஐந்து வருட ஆராய்ச்சியை, "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா போடறே?" என்று முந்தாநாள்தான் அவன் முகத்திலேயே விட்டெறிந்திருந்தார்.

"நீங்கதான் சார் அவரை இந்தக் கதிக்கு ஆளாக்கினீங்க!" அவள் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"ஆமாம்மா, நான்தான் பாவி!" எட்டு ஊருக்குக் கேட்கும்படி அவரும் ஒப்பாரி வைத்தார்.

நர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவோடு ஓடி வந்தாள். "டாக்டர், இவருக்கு மலேரியா!"

பேராசிரியரின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. "மலேரியா வந்த எலிக்குத் தூக்க மருந்து கொடுத்தா லேசுல எழுந்திருக்காது... நான் விட்டெறிஞ்ச ஆராய்ச்சியில இதைத்தானே அவன் எழுதியிருந்தான், டாக்டர்!"

கட்டிலில் மெல்லக் கண்கள் திறந்தன.

"என்னங்க! என்னைத் தெரியுதா?"

"தெரியுது. நான் எத்தனை மணிக்குத் தூங்கினேன்னு குறிச்சு வச்சியா?"