விடைபெறுதலுக்குப் பூச்சியம்

இமெல்டா என் கையை மெதுவாக விட்டுவிட்டு எழுந்தாள். தலையைக் குனிந்தபடி, ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ஆசிரியை ஜினெத் தன் தாளின் கடைசிக் கட்டத்தில் பூச்சியம் போட்டார்.

நான் மொன்சியர் கன்யோன். முதியோர் இல்லத்தில் இருப்பவன், மனைவியை இன்று காலை இழந்தவன். அதாவது, பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட்டில் ஒரு கல்லூரியில், முதியோர் பராமரிப்புப் படிப்பவர்களின் தேர்வுக்காகக் கட்டிலில் உட்கார்ந்து சம்பளத்துக்கு அழுகிறவன். யாழ்ப்பாணத்து மூஞ்சிக்குக் கன்யோன் என்ற பெயர் பொருந்துமா என்று கேட்டேன். கல்லூரி பன்முகத்தன்மையை மதிக்கிறது என்றார்கள்.

இந்தத் தவணையில் மட்டும் எத்தனை தரம் தாரமிழந்தேன் என்று எனக்கே தெரியாது. ஊர்ச்சங்க நாடகங்களில் கோமாளி வேடம் கட்டியவனுக்கு இது பதவி உயர்வு.

முன்பெல்லாம் 'மாணவர் துயருற்றவரின் மனதை உணர்வார்' என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி இருந்ததாம். உணர்வதை அளக்க முடியாது என்று இரண்டாயிரத்து நான்கில் மேலிடம் அதை வெட்டிவிட்டது. கற்றல் பேறு என்றால் கண்ணால் கண்டு சரி போடக்கூடியதாக இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தாரா? பெயர் சொல்லி அழைத்தாரா? தொட்டாரா? முறைப்படி விடைபெற்றாரா?

இறைச்சிக்கடைக் கோழியைப்போல அனுதாபத்தைத் துண்டு போட்டிருந்தார்கள். துயருற்றவனுக்கு ஆறுதலாக இருந்ததா என்பதற்குக் கட்டம் இல்லை. அதையும் அளக்க முடியாதாம்.

விடைபெறுதல் கட்டாயம். அது பூச்சியம் என்றால் மற்றதெல்லாம் பூச்சியம். இமெல்டா அடுத்த வருடம் முதலிலிருந்து படிக்க வேண்டும். ரொக்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கென்று பிடித்து வைத்திருக்கும் வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

அவளுக்கு முன்னால் வந்தவள் மின்தூக்கியின் பொத்தானை அழுத்துவதுபோல என் தோளை அழுத்திவிட்டு, "ஒ ரெவ்வார்", மறுபடி பார்ப்போம், என்று பாடிக்கொண்டு போனாள். முழுப் புள்ளி.

இமெல்டாவோ உள்ளே வந்ததும் கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு உட்கார்ந்தாள். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று தன் மன்னார்ப் பிரெஞ்சில் கேட்டாள். பிறகு, உங்கள் மனைவியின் பெயர் என்ன என்றாள்.

கல்லூரி தந்த கதையில் என் மனைவிக்குப் பெயர் இல்லை. இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

"ஜெகதீஸ்வரி" என்று வாயில் வந்துவிட்டது.

திருமதி ஜெகதீஸ்வரி கன்யோன்! சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சம்பளத்தில் சேராத அழுகை வந்தது. அது நிற்கும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குத்தான் பூச்சியம்.

நான் கட்டிலை விட்டு இறங்கி ஜினெத்துக்கு விளக்கினேன். செத்த வீட்டில் எங்கள் ஆட்கள் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழுந்து போவதுதான் மரியாதை. இந்த மூஞ்சியைக் கண்டுதான் அவள் அப்படிப் போனாள். கட்டிலில் ஒரு அசல் கன்யோன் இருந்திருந்தால் அழகாக விடைபெற்றிருப்பாள்.

ஜினெத் நல்ல மனுசி. கண் கலங்கிவிட்டது. அற்புதமான விசயம், அடுத்த வருடப் பேறுகளில் சேர்க்கலாம் என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பூச்சியத்தை மட்டும் அழிக்கவில்லை. இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே அளவுகோல். வேண்டுமானால் விதிப்படி இன்னொரு தரம் செய்யலாம், கூட்டி வாருங்கள் என்றார்.

இமெல்டா நடைவழியில் கோட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு நின்றாள். விசயத்தைச் சொன்னேன்.

"தங்கச்சி, இன்னொருக்கா வாங்கோ. வெளிக்கிடேக்கை 'ஒ ரெவ்வார்' எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

"செத்த வீட்டிலையோ அண்ணை?"

"இது செத்த வீடில்லை, கொலிஜ். சும்மா சொல்லுங்கோ."

இப்படியொரு புத்தி சொன்ன வாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்போல இருந்தது.

அவள் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "மொன்சியர் கன்யோன்" என்றாள். தோளைத் தொட்டாள். கதிரையை இழுக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. என் மனைவிக்கு இந்த முறை பெயரும் இல்லை. கதவடியில் நின்று, கசப்பு மருந்தை விழுங்குகிறவள்போல, "ஒ ரெவ்வார்" என்றாள்.

ஜினெத் எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டார்.

"பார்த்தீர்களா? கற்றல் நடந்திருக்கிறது" என்றார்.

நடந்துதான் இருக்கிறது. அந்தக் கற்றலில் பாதி என் உபயம்.

பஸ் தரிப்பில் நான் நிற்கும்போது இமெல்டா பின்னால் ஓடி வந்தாள். தேர்வில் சித்தியடைந்தவளின் முகமாக இல்லை.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அந்த ஜெகதீஸ்வரி அக்கா… அவ உண்மையிலை இருக்கிறா தானே? நான் அப்பிடிச் சொன்னது ஒண்டும் செய்யாது தானே?"

"அவவுக்கென்ன? வீட்டிலை சமைச்சுக்கொண்டு நிக்கிறா. பிந்திப் போனால் எனக்குத்தான் செத்த வீடு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுடைய பஸ் முதலில் வந்தது.

மாசி மாதம் ஜெகதீஸ்வரி கண்ணை மூடிய பிறகு எங்கள் வீட்டில் சமையல் இல்லை.