நாலாவது மொட்டை

காதுக்கு மேலே சுருக்கென்றது. ரத்தம் கழுத்தில் வழிந்தது.

"கொஞ்சம் குனி அண்ணாத்தே, கை ஆடுது" என்றாள் பாஞ்சாலி.

குனிந்தேன். ஆறு மாதத்தில் என் தலைக்கு இது நாலாவது மொட்டை. ஐப்பசியில் அம்மா, மார்கழியில் அண்ணன், மாசியில் என் பெண்டாட்டி.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரே காலியாகிவிட்டது. பாதிப் பேரை என் ஜட்கா வண்டியில் ஏற்றிப்போய் எழும்பூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டவனே நான்தான். குண்டு விழவில்லை. எமன் மட்டும் என் வீட்டு விலாசத்தை நெட்டுருப் போட்டுவிட்டான்.

வயது நாற்பத்தாறு. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடுத்தது நான். பயமாகத்தான் இருந்தது.

முதல் மூன்று தடவையும் கத்தி பிடித்தவன் பொன்னுரங்கம். இடம் பொருள் தெரியாத நாவிதன்.

அம்மா காரியத்தில் என் மண்டை கோணல் என்றான். பெண்டாட்டியைப் பாடையில் கொண்டுவந்த அன்று, "இன்னா முருகையா, மயிரு மொளைக்கவே வுட மாட்டியா?" என்று கேட்டான். சுடுகாட்டில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே கடலில் இறங்கியிருப்பேன்.

பேட்டையில் மற்ற நாவிதர்கள் எல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள். பொன்னுரங்கம் மட்டும் அசையவில்லை. இந்த ஊரில் தன் தொழில் படுக்கவே படுக்காது என்றான்.

நேற்று வாந்திபேதியில் அவனே படுத்துவிட்டான்.

பிள்ளை கிடையாது. பங்காளி ஒருவனும் ஊரில் இல்லை. கொள்ளி வைக்க ஆளில்லாமல் அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஜட்கா ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேராகத் தூக்கிவந்தோம். மொட்டை அடிக்கத்தான் ஊரில் ஆள் இல்லை. அவன் பெண்டாட்டி பாஞ்சாலியே அவனுடைய கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று தடுப்பதற்கும் ஊரில் யாராவது இருந்தால்தானே.

அவள் கத்தி பிடித்தது இதுதான் முதல் தடவை. தலையில் மூன்று வெட்டு. மூன்று சாவுக்கும் வராத அழுகை அப்போது வந்தது. வெட்டு எரிகிறது என்று சொல்லிவைத்தேன்.

குளித்துவிட்டுக் கொள்ளியை வாங்கப் போனேன். வெட்டியான் தரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"செத்தவருக்கு நீ இன்னா ஓணும்?"

யோசித்தேன். பங்காளி இல்லை, சாதிக்காரனும் இல்லை. சிநேகிதன் என்று அவன் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை.

"வாடிக்கை" என்றேன்.