எந்தத் தீவில் டெண்டர்?

ஐந்து மெயில் சர்வர்களுக்குப் பெயர் வைக்க ஒரு மீட்டிங், அதற்கு இரண்டு தட்டு சமோசா. லாரன்ஸுக்கு எரிச்சலாக வந்தது. அவர் பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட இவ்வளவு நேரம் ஆனதில்லை.

தீவு நகரத்தின் டாலிகஞ்ச் பகுதியில் இருந்த அந்த சப்ளை கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். போன தடவை டெண்டர் ரேட்டை எதிர்க் கம்பெனிக்கு விற்ற புண்ணியவானும் அவர்தான். அது அவருக்கும் எதிர்க் கம்பெனி தாமஸுக்கும் மட்டுமே தெரியும்.

“மெயில்-3ல டெண்டர் இருக்குன்னு வாசல்ல சாயா விக்கிறவன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு,” என்றார் முதலாளி நூர்முகம்மது. “இனிமே பேரைப் பார்த்து உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனும் கண்டுபிடிக்கக் கூடாது. என்னம்மா ஷெர்லின், டீக் ஹை?”

“பக்கா, பாய்,” என்றாள் ஷெர்லின். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பெண்.

ஸ்டோர் நாகராஜ் மீன் பெயர்களைச் சொன்னார். ருக்கு மேடம் பூப் பெயர்களைச் சொன்னார். பாய் எதற்கும் மசியவில்லை. கடைசியில் சுற்றியுள்ள தீவு ஊர்களின் பெயர் என்று முடிவாயிற்று. ஷெர்லின் போர்டில் எழுதினாள்: திக்லிபூர், ரங்கத், ஹட்பே, கமோர்ட்டா. ஐந்தாவதாகக் கட்சால் என்று எழுதும்போது மட்டும் அவள் கை ஒரு நொடி நின்றது. அதை லாரன்ஸ் பார்த்துவிட்டார்.

எந்தத் தீவில் டெண்டர் என்பது ஷெர்லினுக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். மேனேஜர் பாஸ்வேர்டில் ஒரு நாளைக்கு ஒரு சர்வர்தான் திறக்கும். இரண்டாவதைத் தொட்டால் பாயின் போனுக்குத் தகவல் போய்விடும். பாய் ரேட்டை முடிவு செய்வது செவ்வாய் காலை, டெண்டர் போடக் கடைசி நேரம் அன்றே மாலை. ஆக, லாரன்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு.

“இந்த ஒரு ரேட்டை மட்டும் குடுங்கண்ணே, எங்க தூத்துக்குடி ஆபீஸ் உங்களுக்குத்தான்,” என்று தாமஸ் சத்தியம் செய்திருந்தார். அதைக் கேட்டதுமே லாரன்ஸின் மனைவி சிசிலியா பெட்டி கட்டிவிட்டாள். இருபத்தாறு வருஷம் கப்பல் டிக்கெட்டுக்கும் வெங்காயத்துக்கும் காத்துக் கிடந்தது போதும், இனி மெயின்லேண்டுதான் என்பது அவள் கட்சி.

செவ்வாய் மத்தியானம் லாரன்ஸ் சாப்பிடாமல் யோசித்தார். இந்த ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வியே ‘நீ எந்தத் தீவு?’ என்பதுதான். ஷெர்லினின் பயோடேட்டாவைப் பார்த்து வேலைக்கு எடுத்தவரே அவர்தானே! பிறந்த இடம் கட்சால். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை.

அட, இவ்வளவுதானா! பத்திரப்படுத்த வேண்டியதை மனுஷன் சொந்த ஊரில்தான் வைப்பான். அவரே வீட்டுப் பத்திரத்தையும் மகள் நகையையும் மணப்பாட்டில் அக்கா வீட்டு பீரோவில்தானே வைத்திருக்கிறார்? கெட்டிக்காரப் பெண்தான், ஊர்ப் பாசம் கவிழ்த்துவிட்டது. பாவம் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

கட்சாலைத் திறந்தார். முதல் மெயிலே பாய் எழுதியது. ‘இதுதான் முடிவான ரேட். வெளியே போகக் கூடாது.’ ஐந்தே நிமிஷத்தில் அது தாமஸின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை டெண்டரைத் திறந்தார்கள். தாமஸ் போனில் கத்திய கத்தலில் லாரன்ஸுக்குக் காது அடைத்துப்போயிற்று.

“என்னண்ணே, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே! நீங்க சொன்ன ரேட்டுக்குக் கொஞ்சம் கீழ போட்டோம். உங்க பாய் அதுக்கும் ரொம்பக் கீழ போட்டுத் தட்டிட்டுப் போயிட்டாரு. தூத்துக்குடியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கதவருகே பாயும் ஷெர்லினும் நின்றிருந்தார்கள்.

“கட்சால்ல இருந்தது பொய் ரேட்டு, லாரன்ஸ்,” என்றார் பாய். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “அந்த ஒரு மெயிலைத் தவிர அதுல வேற எதுவுமே கிடையாது. அதைத் திறந்தது உங்க பாஸ்வேர்ட் மட்டும்தான். கீழ போலீஸ் வந்திருக்கு. அரே, வேர்க்குது பாருங்க, முதல்ல தண்ணி குடிங்க.”

மெயின்லேண்ட் போச்சு, வேலை போச்சு, மானமும் போச்சு. சிசிலியா கட்டிய பெட்டியைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். அத்தனைக்கு நடுவிலும், தன் கணிப்பு எங்கே பிசகியது என்பதுதான் லாரன்ஸுக்கு ஆறவில்லை.

“ஏம்மா ஷெர்லின், அது நீ பொறந்த ஊராச்சே?”

“ஆமா சார். அம்மா, தம்பி, வீடு எல்லாம் அங்கதான் இருந்துச்சு,” என்றாள் அவள், சாதாரணமாக.

“சுனாமிக்கு அப்புறம் முக்கியமான எதையும் நான் கட்சால்ல வைக்கிறதில்ல.”